எந்த வீடு என்று வத்சலா கேட்டாள்

முதலில் வந்தது நோவு அல்ல. காலுறைக்கு மேல் இன்னொரு காலுறை போட்டதுபோன்ற உணர்வு. லண்டனில் நோர்பரி என்ற இடத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் அப்போது எனக்கு வேலை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு காலுறைதான் போட்டிருந்தேன்.

குளிர் என்று நினைத்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனுக்கு வந்து எங்களுக்கு அது இரண்டாவது மாரி, பனிக்காலம். தலையிடித்தாலும் பசியெடுக்காவிட்டாலும் நான் குளிரைத்தான் குற்றம் சொல்வேன். அதற்கு முன்பு சில வருடங்கள் இத்தாலியில், சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரத்தில் இருந்தோம். ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரின் வீட்டில் சமையலும் துப்புரவும் என் வேலை. மத்தியானம் அவர் தூங்கும்போது எனக்கும் ஓய்வு. பால்கனியில் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கீற்றுக் கடல் தெரியும்.

லண்டனுக்கு வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் என் மனைவி வத்சலா. மகள் துஷி ஆங்கிலத்தில் படிக்கவேண்டும், சொந்தபந்தம் அருகில் இருக்கவேண்டும் என்றாள். அவளுடைய தமையன் குணம் அண்ணை லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்தார். அவருடைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்து சேர்ந்தோம். "ஊரிலை விட்டது, இத்தாலியிலை விட்டது எல்லாம் போக எங்களுக்கு இதுதான் மிச்சம்" என்று அவர் பகிடி விடுவார். நான் சிரிப்பதில்லை.

"கால் விறைக்குது" என்றேன் வத்சலாவிடம்.

"ரெண்டு ஷிப்ட் செய்தா விறைக்காதே? ஒருக்கா டொக்டரிட்டைப் போங்கோவன்."

போனேன். வயிறு எப்படி என்று அவர் கேட்டார். முந்திய கிழமை வயிற்றோட்டம் இருந்ததைச் சொன்னேன். களைப்பு, ஓய்வெடுங்கள் என்றார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அன்றைக்கு என்னைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இரண்டு நாளில் விறைப்பு முழங்காலுக்கு ஏறியது. கல்லாவைத் திறக்கும் சாவியை விரல்களால் திருப்ப முடியவில்லை. மறுநாள் காலை வீட்டுப் படியில் இறங்கும்போது கால்கள் இருக்கிற இடம் எனக்குத் தெரியாமற் போய்விட்டது. விழுந்தேன். எழும்ப முடியவில்லை. துஷி ஓடிவந்து, பயத்தில் ஆங்கிலத்தை மறந்து, இத்தாலிய மொழியில் என்னைக் கூப்பிட்டாள். வத்சலா அம்புலன்ஸை அழைத்தாள்.

இதே நோய் வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் பெயரைச் சொல்லிவிடுகிறேன். கியான் பரே நோய் (கிருமிகளோடு சண்டைபோட வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி, தன்னுடைய நரம்புகளையே தாக்கும் நோய்). பெரும்பாலும் ஒரு சிறிய காய்ச்சலுக்கோ வயிற்றோட்டத்துக்கோ பிறகு வரும். காலில் தொடங்கி மேலே ஏறும். வந்த வேகத்தில் போகாது.

இதை எனக்கு விளக்கியவர் நரம்பியல் பிரிவில் வேலைசெய்த ஓர் இளம் வைத்தியர், மதுரைக்காரி, பெயர் மீனாட்சி. சிறிய சுத்தியலால் என் முழங்காலில் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள் (ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள திரவத்தை எடுத்துச் சோதிப்பது). மின்சாரத்தால் நரம்புகளைச் சுண்டிப் பார்த்தார்கள். ஒரு குழாயைத் தந்து, முடிந்த மட்டும் ஊதுங்கள் என்றார்கள். திரும்பத் திரும்ப வந்து ஊதச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் காற்றுக் குறைந்தது.

"உங்ககிட்ட மறைக்க விரும்பல" என்றார் மீனாட்சி. "இது இன்னும் மேல ஏறும். மூச்சு விடுற தசையையும் புடிக்கலாம். அப்படி ஆச்சுன்னா மெஷின் வச்சு மூச்சு குடுப்போம்."

"சாவனோ?"

"பெரும்பாலானவங்க பிழைச்சு வந்துடுறாங்க. திரும்ப நடக்கறாங்க. ஆனா நேரம் ஆகும். ரொம்ப நேரம் ஆகும்."

"வேலைக்கு எப்ப போகலாம்?" என்று கேட்டேன். அவர் என் கையைத் தொட்டார். தொட்டதை நான் கண்ணால்தான் கண்டேன்.

அடுத்த நாள் என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். முதலில் வாய்வழியாகவும் பிறகு தொண்டையில் துளையிட்டும் குழாய் வைத்தார்கள். பிளாஸ்மா மாற்றினார்கள் (இரத்தத்தை வெளியே எடுத்து, நரம்பைத் தாக்கும் பொருட்கள் கலந்திருக்கும் நீர்ப்பகுதியை அகற்றி, வேறு திரவம் சேர்த்துத் திரும்ப ஏற்றுவது). கண் இமைகளைத் தவிர என்னால் எதையும் அசைக்க முடியவில்லை. அறிவு தெளிவாக இருந்தது. காது கேட்டது. முதுகு நொந்தது. அசைய முடியாதவனுக்கு நோவு இராது என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கும். பார்த்துக்கொள்கிறவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். காலை ஒரு அங்குலம் நகர்த்திவைத்தால் போதும் என்று ஒரு பகல் முழுவதும் ஏங்கியிருக்கிறேன்.

அங்கே பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் இல்லை. மருந்தின் மயக்கத்தில் கூரையிலிருந்த சதுரப் பலகைகள் பேராசிரியரின் சமையலறைத் தரையாக மாறிவிடும். நான் அதைத் துடைத்துக்கொண்டேயிருப்பேன். அது முடியாது.

பேசுவதற்கு எழுத்துப் பலகை கொண்டுவந்தார்கள். தாதி எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட, நான் வேண்டிய எழுத்தில் கண்ணை மூடவேண்டும். தமிழ் எழுத்துகளில் ஒரு பலகை செய்யலாம் என்று வத்சலா தொடங்கினாள். உயிர், மெய், உயிர்மெய் என்று எழுதிக்கொண்டுபோனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "இதிலை ஒரு சொல்லுச் சொல்லி முடிய நீங்கள் சுகமாகி வந்திடுவியள்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. முகம்தான் அசையவில்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளில் தமிழைச் சொன்னேன்.

ஒரு பிற்பகல் ஐந்து எழுத்துகளுக்குக் கண்ணை மூடினேன். வத்சலா கூட்டி வாசித்தாள்.

"வீடு. வீட்டை போகவேணுமோ?"

கண்ணை மூடித் திறந்தேன். ஓம்.

அவள் கிட்ட வந்து குனிந்தாள். ஏன் அப்படிக் கேட்டாளோ தெரியாது.

"எந்த வீடு? மிச்சமோ?"

நான் கண்ணை மூடவில்லை.

"பலெர்மோவோ?"

மூடவில்லை.

"ஊரோ?"

இயந்திரம் எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எதற்குக் கண்ணை மூடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வத்சலா பஞ்சை நனைத்து என் உதட்டைத் துடைத்தாள்.

குளிர்காலம் முடியும் தறுவாயில் இயந்திரத்தைக் கழற்றினார்கள். தோள் முதலில் வந்தது. பிறகு கை, இடுப்பு. நோய் எந்த வழியால் ஏறியதோ அதே வழியால் இறங்கியது. கால் கடைசி. மறுவாழ்வுப் பிரிவில் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன். நின்றதும் படுக்கவேண்டும்போல் இருக்கும். இந்தக் களைப்பைப் பற்றி யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. நித்திரையால் தீராத களைப்பு அது. பல் தீட்டிவிட்டு ஒரு மணித்தியாலம் படுத்திருக்கிறேன். இதை வாசிக்கிற நோயாளிக்குச் சொல்கிறேன்: அது சோம்பல் அல்ல.

அங்கே ஓர் இளம் உளவியலாளர் வந்தார். வெள்ளைக்காரப் பெண். வாழ்க்கையில் எவ்வளவு திருப்தியாக இருக்கிறீர்கள், ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்றார். மூன்று என்றேன். நோய் வருமுன் என்று கேட்டார்.

"எந்த நாட்டில்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை. பலெர்மோவுக்கு எட்டுக் கொடுத்திருப்பேன். வெயில், காய்கறிச் சந்தை, மலைக்கோவில் மாதாவிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சைவச் சனம் வெறுங்காலோடு ஏறிப்போனது, இறங்கும்போது வாங்கிய ஐஸ்கிரீம். அவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்ல எனக்குப் பலம் இல்லை.

கோடை வருமுன் வீட்டுக்கு வந்தேன். மாடி ஏற முடியாது என்பதால் முன்னறையில் கட்டில் போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றியிருந்து தேநீர் குடித்தார்கள். "இந்தக் குளிர்தான் தம்பி" என்றார் ஒருவர். "அங்கை வெயிலுக்குள்ளை இருந்திருந்தா உந்த வருத்தம் வந்திராது" என்றார் இன்னொருவர். வெயிலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை என்று மீனாட்சி எனக்குச் சொல்லியிருந்தார். ஆனாலும் அவர்கள் சொன்னதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

வத்சலா விமானங்களுக்குச் சாப்பாடு பொதிசெய்யும் ஓரிடத்தில் காலை ஷிப்ட் எடுத்திருந்தாள். விடியுமுன் போவாள். மத்தியானம் திரும்பிவந்து என்னைக் குளிக்கவார்த்து, சமைத்து, துஷியைக் கூட்டிவரப் போவாள். இருந்த இடத்திலேயே கண்ணயர்வாள்.

இலையுதிர்காலத்தில் பலெர்மோவிலிருந்து தொலைபேசி வந்தது. பேராசிரியரின் மகள். தகப்பன் தளர்ந்துவிட்டார், என்னைத் தேடுகிறார் என்றாள். நான் சும்மா அவருக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், வத்சலா சமையலைப் பார்த்துக்கொள்ளலாம். கீழ்த்தளத்தில் இரண்டு அறையும் சிறிய தோட்டமும் இருக்கின்றன. படி இல்லை. விசாப் பத்திர வேலைகளை அவளே பார்த்துக்கொள்வாள். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முன் முடிவு சொல்லவேண்டும்.

தொலைபேசியை வைத்தபிறகும் அந்த மொழி என் வாயில் இனித்தது. ஒரேயொரு சிக்கல்: எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இந்த நாட்டை விட்டுப் போனால் வழக்கும் போகும். திரும்பி வர முடியாது.

அந்த ஞாயிறு பிற்பகல் வத்சலா என் காலைத் தன் மடியில் வைத்து அணைப்பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள் (பாதம் தொங்கிவிடாமல் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்). துஷி மாடியில் படித்துக்கொண்டிருந்தாள்.

"போவமே வத்சலா?" என்றேன். "எனக்கு அங்கை கெதியாச் சுகம் வந்திடும். அங்கை நல்லாய்த்தானே இருந்தனாங்கள்."

அவள் பட்டியை இறுக்கினாள். "நீங்கள் நல்லாய் இருந்தனீங்கள். ஓம்."

"நீரும்தானே?"

"நான் எங்கை பலெர்மோவிலை இருந்தனான்? அந்தக் கிழவியின்ரை அறைக்குள்ளை எல்லே இருந்தனான்."

உண்மைதான். வத்சலா படுக்கையில் கிடந்த ஒரு முதியவளை இரவுபகலாகப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். தங்கிச் செய்யும் வேலை. வியாழன் பிற்பகலும் ஞாயிறும்தான் விடுமுறை. இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. அந்த வேலைக்கு அவளைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டவனே நான்தான்.

"வெக்கை எண்டு யன்னல்கதவு எல்லாம் பூட்டிப்போடுவினம். கிழவி கூப்பிட்டா எழும்பவேணும் எண்டு அவவின்ரை கட்டிலடியிலை படுப்பன். நீங்கள் கடல் கடல் எண்டுறியள். உங்கடை கடலை நான் வியாழக்கிழமையிலைதான் கண்டனான்."

"அப்ப நீர் ஒண்டும் சொல்லேல்லையே."

"சொல்லி? வேறை வேலை இருந்ததோ?" அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது. "துஷி பக்கத்து வீட்டு மனிசியை 'மம்மா' எண்டு கூப்பிடத் தொடங்கினவள். நீங்கள் அதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சனீங்கள். ஞாபகம் இருக்கோ?"

ஞாபகம் இருந்தது. நான் நினைத்துப் பார்க்கும் இனிய விஷயங்களில் அதுவும் ஒன்றாக இருந்தது.

"இஞ்சை மட்டும் உமக்கு என்ன சந்தோசம்?" என்று கேட்டேன். "விடிய முதல் எழும்பி ஓடுறீர். வந்து என்னைத் தூக்குறீர்."

"சந்தோசம் எண்டு ஆர் சொன்னது? களைச்சுப்போனன். செத்த களை." என் காலை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஆனா பின்னேரம் பள்ளிக்கூட வாசலிலை நான்தான் நிக்கிறன். அவள் வெளியிலை வந்து முதல் தேடுறது என்னை. அதை விட்டுட்டு என்னாலை எங்கையும் வர ஏலாது. நீங்கள் போறதெண்டாப் போங்கோ. நான் மறிக்கேல்லை."

அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். பைப் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எழும்பிப்போய் அவளுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும்போல் இருந்தது. எழும்ப இரண்டு கையும் ஒரு கதிரையும் வேண்டும். நான் ஆயத்தப்படுத்தி எழும்புவதற்குள் அவள் கோப்பைகளைக் கழுவி முடித்துவிட்டாள்.

சில நாட்கள் கழித்து நானே பலெர்மோவுக்கு எடுத்துப் பேசினேன். வரமுடியாது என்றேன். பேராசிரியரின் மகள், லண்டனில் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டாள். நலமாக இருக்கிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை. "இங்கே இருக்கிறோம்" என்றேன். பேராசிரியர் அந்த மாரி தாண்டவில்லை என்று பிறகு அறிந்தேன். அன்று முழுவதும் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். வத்சலா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

நான் திருந்தி, லண்டனை நேசிக்கத் தொடங்கினேன் என்று நினைக்கவேண்டாம். மாரியில் நாலு மணிக்கே இருட்டும்போது இன்றைக்கும் நான் எல்லா விளக்குகளையும் போட்டுவிடுவேன். ஆனால் பலெர்மோவை நினைக்கும்போது இப்போது அந்தக் கடலோடு சேர்த்து, பூட்டிய யன்னல்களுள்ள ஒரு அறையும் வந்துவிடுகிறது. ஒன்றை விட்டு மற்றதை நினைக்க முடியவில்லை.

அடுத்த கோடையில் ரவி வந்தான். பலெர்மோவில் எங்கள் தெருவில் இருந்தவன். கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ் பகுதியில் இருக்கும் உறவினரைப் பார்க்க வந்தவன், என்னையும் பார்க்க வந்தான். ஊன்றுகோலோடு நான் கதவைத் திறந்ததும் அவன் முகம் மாறியது. பிறகு சமாளித்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னான். குடும்பத்தோடு லண்டனுக்கு மாறுவதா, அங்கேயே இருப்பதா?

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. எங்கை நல்லது?"

"உன்ரை மனிசி என்ன சொல்லுறா?"

"அவவோ? அவவுக்கு எங்கை எண்டாலும் சரி."

"கேட்டனியோ?"

அவன் சிரித்தான். "நீங்கள் வத்சலா அக்காவைக் கேட்டே வந்தனீங்கள்?"

"அவ கேட்டு நான் வந்தனான்" என்றேன். "அங்கை இருந்த காலத்திலைதான் நான் அவவைக் கேக்கேல்லை. நீ திரும்பிப் போனதும் கேள். முதல் சொல்லுற மறுமொழியை நம்பாதை. இன்னொருக்காக் கேள்."

அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. நத்தாருக்கு வாழ்த்து வந்தது. பலெர்மோ முத்திரைதான் குத்தியிருந்தது.

கடைசியாக மீனாட்சியைப் பார்த்தபோது அவர் வேறு நகரத்துக்கு மாற்றலாகிப் போகவிருந்தார். என் முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் இலேசாகத் துள்ளியது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"களைப்பு இன்னும் இருக்கா?"

"ஓம்."

"பாதம்?"

"மரக்கட்டை மாதிரித்தான்."

"இனிமே வர்றது கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். சிலது வராமலே போகலாம். நான் பொய் சொல்ல விரும்பல" என்றார். முதல் நாள் சொன்ன அதே மாதிரித்தான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. பயமும் வரவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தூங்கினேன்.

இப்போது காலையில் மட்டும் ஒரு தமிழ்க் கடையில் கல்லாவில் இருந்து வேலை செய்கிறேன். மத்தியானத்துக்குள் உடம்பு முடிந்துவிடும். மிச்ச நாள் என்னுடையது அல்ல. முன்பு ஷிப்டுகளாகவும் கிழமைகளாகவும் இருந்த காலம் இப்போது அன்றைக்கு எவ்வளவு பலம் கிடைத்ததோ அவ்வளவுதான். குளிக்கும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். பாதத்தை நம்பினால் வெந்துபோகும். தெருவில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். ஓடிப் பிடித்தால் ஏறலாம் என்ற பஸ்கள் போய்விடுகின்றன. அடுத்தது வரும்வரை இருக்கிறேன்.

அண்மையில் ஒரு பிற்பகல். வத்சலா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சாய்கதிரையில் தூங்கிப்போனாள். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. நான் அணைப்பட்டியைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு சமையலறைக்குப் போனேன். இடது பாதத்தின் கீழ் ஏதோ குத்தியது.

நின்றேன். திரும்ப அழுத்தினேன். குத்தியது. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து குனிந்து பார்த்தேன். முதல்நாள் சிந்தி, காய்ந்து கல்லாகிப்போன ஒரு சோற்றுப் பருக்கை.

"வத்சலா" என்று கூப்பிட வாயெடுத்தேன். முன்னறையிலிருந்து அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. நீளமான, ஆழமான மூச்சு. அவள் அப்படித் தூங்கி நான் கேட்டு எவ்வளவோ காலம்.

பருக்கையை எடுக்கவில்லை. அதன்மேல் மெதுவாகப் பாதத்தை வைத்தபடி, அவள் எழும்பும்வரை அங்கேயே இருந்தேன்.